சிங்கப்பூர்ல ஃபோர்க்லிஃப்ட் பராமரிப்பு புதுசா உங்க தலையில விழுந்திருக்கா? பேப்பர், செலவு, நாள் கணக்கு எல்லாம் வரிசையா

துவாஸ் பக்கம் ஒரு வேர்ஹவுஸ்ல ஸ்டோர் சூப்பர்வைசரா இருக்கேன், நாலு வண்டி இருக்கு, ரெண்டு டீசல், ஒண்ணு பேட்டரி கவுண்டர்பேலன்ஸ் (பின்பக்க எடையால சரக்கைத் தாங்கற வகை), ஒண்ணு ரீச் டிரக் (ஃபோர்க்கை முன்னால நீட்டி உயர ராக்ல எடுக்கற வகை). முன்னாடி பாத்துக்கிட்டிருந்தவர் ஊருக்குப் போயிட்டார், பாஸ் என்னைக் கூப்பிட்டு "இனிமே நீதான் பாத்துக்கணும்"னு ஒரு சாவிக்கொத்தும் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரும் குடுத்தார், அவ்வளவுதான் ஹேண்டோவர். ஃபோல்டரைத் திறந்தா பழைய இன்வாய்ஸ் மட்டும்தான் இருந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நைட் ஷிஃப்ட்ல டீசல் வண்டியோட மாஸ்ட் (முன்னாடி நிமிர்ந்து நிக்கற தூக்குச் சட்டம்) செயின் ஒரு பக்கம் அந்துடுச்சு, ஃபோர்க் மாட்டியிருக்கற கேரேஜ் சாய்ஞ்சு காலி பேலட் நாலு கீழ விழுந்துச்சு. கீழ யாரும் இல்ல. அஞ்சு நிமிஷம் முன்னாடி அதே இடத்துல ஒரு தம்பி குனிஞ்சு ஸ்டிரெட்ச் ஃபிலிம் சுத்திக்கிட்டிருந்தான், அதை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. மூணு வாரத்துக்கு முன்னாடி போட்ட சர்வீஸ் ரிப்போர்ட்ல "செயின்"ங்கற வரிக்கு நேரா அழகா டிக் இருந்துச்சு.

அதுக்கப்புறம் எல்லாத்தையும் முதல்ல இருந்து கத்துக்க வேண்டியதா போச்சு. என்ன சட்டம், என்ன பேப்பர், யார்கிட்ட கேக்கணும்னு சொல்றதுக்கு ஆள் இல்ல. உங்களுக்கு அந்த அலைச்சல் வரக்கூடாதுன்னுதான் எழுதறேன். நீங்க ஸ்டோர் கீப்பரோ, லாஜிஸ்டிக் கோஆர்டினேட்டரோ, சின்ன கம்பெனி முதலாளியோ, யாரா இருந்தாலும் இந்த வரிசையிலேயே செய்ங்க.

1. முதல்ல சட்டம் யாரைப் பிடிக்கும்னு தெரிஞ்சுக்கங்க

இங்க மூலச் சட்டம் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 2006ல வந்துச்சு, 2011 செப்டம்பர்ல இருந்து எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தும், அதனால "நாங்க ஃபேக்டரி இல்ல, வெறும் கோடவுன்தான்"னு சொல்லி ஒதுங்க முடியாது. முதலாளி, இடத்தை நடத்தறவர், வண்டி விக்கறவர், வாடகைக்கு விடறவர், ஓட்டுற தொழிலாளி, எல்லாருக்கும் ஆளுக்கொரு பொறுப்பு வச்சிருக்கு. மெஷின் சப்ளை பண்றவங்களுக்குத் தனிக் கடமைன்னு ஒரு அட்டவணை இருக்கு, ஐந்தாவது அட்டவணை, அதுல லிஃப்டிங் எக்விப்மென்ட்டுன்னு ஒரு வரி, ஃபோர்க்லிஃப்ட்டுன்னு தனியா இன்னொரு வரி. இந்தத் தனி வரி ஏன் முக்கியம்னு கீழ சொல்றேன்.

தண்டனை சின்னது கிடையாது. மூலச் சட்டத்தை மீறினா கம்பெனிக்கு முதல் தடவையே 500,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும், தனி ஆளுக்கு 200,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். அதுக்குக் கீழ இருக்கற விதிமுறைகளுக்கு உச்ச அபராதம் முன்னாடி 20,000, 2024 ஜூன் 1ல இருந்து 50,000 ஆயிடுச்சு.

புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரு இடத்துல தடுமாறுறாங்க, நானும் தடுமாறினேன். கிரேன், ஹோய்ஸ்ட், செயின் பிளாக், ஷேக்கிள், ஸ்லிங் இதுக்கெல்லாம் அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர், எல்லாரும் ஏஇன்னு சொல்வாங்க, அவர் வந்து குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை பாத்து சர்ட்டிஃபிகேட் குடுப்பார், லிஃப்டிங் கியருக்கு 12 மாசம், ஆள் தூக்கற சாமானுக்கு 6 மாசம். அதே மாதிரி ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் யாரோ வந்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போனா நம்ம வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிட்டு ஒரு மாசம் அந்த ஸ்டிக்கரைத் தேடி அலைஞ்சேன். அட்டவணையில ஃபோர்க்லிஃப்ட்டுக்குத் தனி வரின்னு சொன்னேனே, அந்த ஏஇ கணக்கு இதுக்கு வராது, இதுக்கு பாரம் முழுக்க "பாதுகாப்பான நிலையில வச்சிரு, வச்சிருந்தேன்னு காட்டு"ங்கற கடமை மேலதான் நிக்குது. அந்தக் காட்டுற வேலைய நீங்களேதான் ஃபைல் போட்டு செய்யணும்.

ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. ஃபோர்க்குக்குக் கீழ ஹூக், ஷேக்கிள், ஸ்லிங் மாட்டி எதையாவது தொங்கவிட்டு தூக்கறீங்கன்னா அந்த சாமானுக்கெல்லாம் ஏஇ சர்ட்டிஃபிகேட் வேணும். ரெண்டாவது, உங்க வண்டி கஸ்டமர் இடத்துக்குப் போகுதுன்னா, அதுவும் ஷிப்யார்டு, கன்ஸ்ட்ரக்ஷன் சைட், ஜூரோங் தீவுன்னா, அந்த இடத்துக்காரங்க அவங்க சொந்த ரூல்ஸ்ல ஆய்வு ரிப்போர்ட் கேப்பாங்க. வண்டிய லோரியில ஏத்தறதுக்கு முன்னாடி என்ன பேப்பர் வேணும்னு ஈமெயில்ல எழுதிக் கேட்டு வாங்கிடுங்க, கேட்ல நின்னு திரும்பி வந்தா போக்குவரத்துக் காசு நம்மளோடது.

எஸ்எஸ் 573ன்னு ஒரு சிங்கப்பூர் ஸ்டாண்டர்டு இருக்கு, கவுண்டர்பேலன்ஸ் ஃபோர்க்லிஃப்ட்டை எப்படி பாதுகாப்பா பயன்படுத்தணும்னு. இது அங்கீகரிக்கப்பட்ட நடைமுறைக் கோவை. கோவை சட்டம் கிடையாது, ஆனா நாளைக்கு ஒரு கேஸ்னு வந்தா "இதைப் பின்பத்தினியா"ன்னு இதை வச்சுத்தான் கேப்பாங்க. காசு குடுத்து வாங்கணும், வாங்கிடுங்க. ரீச் டிரக் கவுண்டர்பேலன்ஸ் வகை கிடையாது, அதுக்கு மேக்கரோட மேனுவலைக் கையில வச்சுக்கங்க.

இன்னொரு பொறி. நெட்ல தேடினா முதல் பக்கம் முழுக்க இங்கிலாந்து சட்டம்தான் வரும், லோலர் 1998 (தூக்கற சாமானுக்கான விதி), பியூவர் 1998 (வேலைக் கருவிகளுக்கான விதி)னு. அங்க 12 மாசத்துக்கு ஒரு தடவை முழு ஆய்வு கட்டாயம், ஆள் தூக்கறதா இருந்தா 6 மாசம். படிக்க நல்லா இருக்கும், நல்ல நடைமுறையும்தான், ஆனா அந்த டெம்ப்ளேட்டை டவுன்லோட் பண்ணி, சட்டத்தோட பேரைக் கூட மாத்தாம ஃபைல்ல வச்சிருந்த ஒரு கம்பெனிய நான் பாத்திருக்கேன், ஆடிட்டர் முதல் பக்கத்துலயே கண்டுபிடிச்சுட்டார். அதே மாதிரி ஜப்பான்ல இருந்து வர்ற செகண்ட் ஹேண்ட் வண்டியில அந்த ஊரு வருஷாந்திர ஆய்வு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், விக்கறவர் அதைக் காட்டி "இன்ஸ்பெக்ஷன் எல்லாம் ஆயிருக்கு"ம்பார், அது அந்த ஊரோட கணக்கு, இங்க வந்து இறங்கின வண்டியோட இன்னைக்கு நிலைமைய அது சொல்லாது.

2. வண்டிக்கு ஒரு ஃபைல், இன்னைக்கே

நாலு வண்டிக்கும் சேத்து ஒரே ஃபைல் போடாதீங்க. வண்டிக்கு ஒண்ணு. கம்ப்யூட்டர்லயும் வைங்க, பேப்பர்லயும் வைங்க, ஏன்னா இன்ஸ்பெக்டர் வர்ற நேரம் பாத்து பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆள் லீவுல இருப்பார்.

உள்ள என்ன இருக்கணும்னா:

- வண்டியோட சீரியல் நம்பர், மாடல், வருஷம், மாஸ்ட் உயரம், கெப்பாசிட்டி பிளேட்டோட தெளிவான போட்டோ
- வாங்கின இன்வாய்ஸ் இல்ல வாடகை ஒப்பந்தம்
- மேக்கரோட ஆபரேட்டர் மேனுவல், சர்வீஸ் அட்டவணை
- ரிஸ்க் அசெஸ்மென்ட் (ஆபத்து மதிப்பீடு)
- டெய்லி செக்லிஸ்ட், மாசம் மாசமா அடுக்கி
- சர்வீஸ் ரிப்போர்ட், மாத்தின பார்ட்ஸ் விவரம், ஃபால்ட் ரிப்போர்ட்
- அந்த வண்டிய ஓட்ட அனுமதி உள்ளவங்க பேரு, அவங்க ஃபோர்க்லிஃப்ட் கோர்ஸ் சர்ட்டிஃபிகேட் காப்பி

மேனுவல் இல்லைன்னா சீரியல் நம்பரைச் சொல்லி டீலர்கிட்ட கேளுங்க. எனக்கு டீசல் வண்டிக்கு ஒரே வாரத்துல கிடைச்சுது, ரீச் டிரக்குக்கு நாலு வாரம் தொங்கினேன்.

ரிஸ்க் அசெஸ்மென்ட்டைக் குறைஞ்சது மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி பாக்கணும், நடுவுல விபத்து நடந்தாலோ வேலை முறை மாறினாலோ உடனே பாக்கணும், ரெக்கார்டு மூணு வருஷமாவது வச்சிருக்கணும், இது விதியிலேயே இருக்கு. பராமரிப்பு ரெக்கார்டை மட்டும் நான் வண்டி நம்மகிட்ட இருக்கற வரைக்கும் தூக்கிப் போடறதில்ல. அந்துபோன அந்தச் செயினைக் கடைசியா எப்ப மாத்தினாங்கன்னு தேடினப்ப ஒரு பேப்பர் கூட இல்ல, அப்பத்தான் இதோட அருமை தெரிஞ்சுது. பிஸ்சேஃப் (கம்பெனியோட வேலையிடப் பாதுகாப்புக்குக் குடுக்கற அங்கீகாரம்) லெவல் 3 ஆடிட் வரப்போகுதுன்னா இந்த ஃபைல் உங்க பாதி வேலையக் குறைச்சுடும்.

3. கெப்பாசிட்டி பிளேட்டைப் படிங்க

சீட்டுல உக்காந்தா கண்ணுக்குத் தெரியற இடத்துல ஒரு தகடு இருக்கும். 2,500 கிலோன்னு போட்டிருந்தா எப்பவும் 2,500 தூக்கலாம்னு அர்த்தம் கிடையாது, இந்த உயரம் வரைக்கும், லோட் சென்டர் (ஃபோர்க்கோட நிமிர்ந்த பாகத்துல இருந்து சரக்கோட எடை மையம் வரைக்கும் உள்ள தூரம்) 500 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா இவ்வளவுன்னு அர்த்தம். சைடு ஷிஃப்டர், கிளாம்ப், ஃபோர்க் எக்ஸ்டென்ஷன் எது மாட்டினாலும் அந்த எண் குறையும். எங்க வண்டியில சைடு ஷிஃப்டர் மாட்டி வருஷக்கணக்கா ஆயிடுச்சு, தகட்டுல பழைய எண்ணே இருந்துச்சு. தகடு அழிஞ்சிருந்தாலோ தப்பா இருந்தாலோ டீலர்கிட்ட சொல்லி புது எண் கணக்குப் போட்டு புதுத் தகடு வாங்குங்க, நம்மளா மார்க்கர்ல எழுதக்கூடாது. பின்னாடி கூடுதலா இரும்பு வச்சு வெயிட் ஏத்தறது, ஓவர்ஹெட் கார்டுல ஓட்டை போட்டு ஃபேன் மாட்டுறது எல்லாமே மேக்கரோட அனுமதி இல்லாம செய்யக்கூடாத மாற்றம்.

4. டெய்லி செக், பத்து நிமிஷம்

மாசத்துக்கு ஒரு நாள் வர்ற மெக்கானிக்கை விட தினமும் உக்காந்து ஓட்டுற ஆளுக்குத்தான் வண்டியப் பத்தி அதிகம் தெரியும். ஆனா நம்ம ஊர்ல டெய்லி செக்லிஸ்ட்னா என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் உக்காந்து திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஒரே பேனாவுல டிக் போடுவாங்க. ஆளைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. பல சமயம் ஃபார்ம் அவனுக்குப் புரியாத பாஷையில இருக்கும், சோதிக்க நேரம் குடுத்திருக்க மாட்டோம், ஃபால்ட் எழுதினா "உன்னாலதான் டெலிவரி லேட்"னு திட்டு விழும், அப்புறம் அவன் ஏன் எழுதப் போறான்?

நாங்க மாத்தினது இதுதான். ஷிஃப்ட் ஆரம்பத்துல பத்து நிமிஷம் வண்டி சோதனைக்குன்னே ஒதுக்கி, அந்த நேரத்துல பாஸே வந்து கேட்டாலும் வண்டி எடுக்கக்கூடாதுன்னு பாஸ்கிட்டயே கையெழுத்து வாங்கினேன். ஃபார்ம்ல படம் போட்டேன், தமிழ், வங்காளம், சீனம், ஆங்கிலம் நாலுலயும் போட்டேன். டிக் மட்டும் இல்லாம அவர் மீட்டர் (வண்டி ஓடின மணியக் காட்டற மீட்டர்) எண்ணை எழுதச் சொன்னேன், அந்த ஒரு எண்ணே போதும், வண்டிகிட்ட போகாம எழுத முடியாது, வெள்ளிக்கிழமை உக்காந்து எழுதினா மாட்டிக்குவாங்க.

எதைப் பாக்கணும்னா, இன்ஜின் போடறதுக்கு முன்னாடி வண்டியச் சுத்தி ஒரு நடை, தரையில ஆயில் சொட்டியிருக்கா, டயர்ல வெட்டு இருக்கா, வீல் நட் டைட்டா இருக்கா, ஃபோர்க்ல விரிசல் இருக்கா, ஃபோர்க் லாக் பின் உக்காந்திருக்கா, ரெண்டு செயினும் ஒரே டைட்டா இருக்கா, ஓவர்ஹெட் கார்டு வளைஞ்சிருக்கா. அப்புறம் சீட்டுல உக்காந்து பெல்ட், ஹார்ன், லைட், ரிவர்ஸ் பஸ்ஸர், ஸ்டீயரிங், கால் பிரேக், ஹேண்ட் பிரேக். கடைசியா காலியா மாஸ்ட்டை முழுசா ஏத்தி இறக்கி, முன்ன பின்ன சாய்ச்சுப் பாக்கணும், சத்தம் மாறுதான்னு காதைத் தீட்டிக் கேக்கணும். செயின் அறுந்த அந்த வண்டி ரெண்டு வாரமா "டக் டக்"னு சத்தம் போட்டுக்கிட்டிருந்துச்சாம், ஓட்டுற தம்பி எனக்கு அப்புறமா சொன்னான், "சொல்லலாம்னுதான்ணே இருந்தேன், ஆனா..."ன்னு இழுத்தான். அந்த "ஆனா"வை உங்க இடத்துல இல்லாம பண்ணுங்க, மத்ததெல்லாம் தானா வரும்.

ஆயில் ஒழுகுற ஹோஸைக் கையால தடவிப் பாக்கவே கூடாது, பிரஷர்ல இருக்கற ஹைட்ராலிக் ஆயில் ஊசி மாதிரி தோலுக்குள்ள ஏறிடும், வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ள கை போயிடும். ஒரு அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்க.

ஃபால்ட் வந்தா ரெண்டே வகைன்னு பிரிச்சு வச்சிருக்கோம். பிரேக், ஸ்டீயரிங், செயின், ஃபோர்க், மாஸ்ட், ஹார்ன், பெல்ட், ஆயில் ஒழுகல், இதுல எது இருந்தாலும் வண்டி அங்கேயே நிக்கும், சாவி என்கிட்ட வந்துடும், ஸ்டீயரிங்ல சிவப்பு டேக் தொங்கும். சீட் கிழிஞ்சிருக்கு, பெயின்ட் போயிடுச்சு மாதிரி விஷயம்னா எழுதி வச்சு அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம். "ஒரே ஒரு கன்டெய்னர் மட்டும் இறக்கிட்டு நிறுத்திடறேன்"ங்கற பேச்சு இங்க கிடையாது.

5. ஃபோர்க், செயின், டயர்: நீங்களே அளந்து பாருங்க

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல. மெக்கானிக் "ஓகே"ன்னா ஓகேன்னு விட்டேன். இப்ப நானே மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளக்கறேன், ஒரு வெர்னியர் காலிப்பரும் ஒரு ஸ்டீல் ரூலரும் போதும், ரெண்டும் சேத்து ஹார்டுவேர் கடையில 40 வெள்ளிக்குள்ள முடிஞ்சுடுச்சு.

ஃபோர்க்: படுக்கையா இருக்கற பாகம் தரையில உரசி உரசி தேயும், அதிகம் தேயறது வளைவுல, அதாவது குதிகால் மாதிரி இருக்கற இடத்துல. நேரா நிக்கற பாகம் தேயாது, அங்க தடிமன் அளங்க, அப்புறம் குதிகால்ல அளங்க. பத்து சதவீதம் குறைஞ்சிருந்தா அந்த ஃபோர்க் முடிஞ்சுது. 40 மில்லின்னா 36 ஆகறப்பவே தூக்கிப் போட்டுடணும். வெறும் நாலு மில்லிதானேன்னு தோணும், ஆனா பத்து சதவீதம் தேய்ஞ்சாலே தாங்கற பலம் கிட்டத்தட்ட இருபது சதவீதம் போயிடும். ரெண்டு ஃபோர்க் நுனியும் ஒரே உயரத்துல இருக்கான்னும் பாருங்க, ஃபோர்க் நீளத்துல மூணு சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது, 1,200 மில்லி ஃபோர்க்னா 36 மில்லி. வளைஞ்ச ஃபோர்க்கை சூடு பண்ணி நிமித்தறது, விரிசலுக்கு வெல்டிங் வைக்கறது, ரெண்டுமே கூடாது. மாத்தினா ஜோடியா மாத்துங்க. எங்களுக்கு ஒரு ஜோடி வேலையோட சேத்து 700 வெள்ளிய ஒட்டி வந்துச்சு, 9 சதவீத ஜிஎஸ்டி தனி.

செயின்: புதுசா இருக்கறதை விட மூணு சதவீதம் நீண்டுடுச்சுன்னா மாத்தணும், சில மேக்கர் ரெண்டு சதவீதம்னே சொல்றாங்க, மேனுவல்ல என்ன இருக்கோ அதை எடுத்துக்கங்க. எப்படி அளக்கறதுன்னா, செயின் டைட்டா நிக்கற மாதிரி வச்சு, புல்லி மேல அதிகம் ஓடற பகுதியில 16 பிட்ச் (ஒரு பின்ல இருந்து அடுத்த பின் வரைக்கும் ஒரு பிட்ச்) எண்ணி, முதல் பின்ல இருந்து கடைசி பின் வரைக்கும் அளங்க. 19.05 மில்லி பிட்ச் செயின்னா 16 பிட்ச் 304.8 மில்லி இருக்கணும், 314க்கு வந்துட்டா ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம். நம்ம ஊரு ஈரத்துக்கும் கடல் காத்துக்கும் துருவும் சீக்கிரம் பிடிக்கும், லிங்க் மடங்காம விறைச்சு நின்னா அளவு சரியா இருந்தாலும் மாத்துங்க. எங்களோடது அந்துபோன இடத்துல பின்னைச் சுத்தி துரு தூளாக் கொட்டுச்சு. ரெண்டு செயினையும் சேத்து, ரெண்டு முனையில இருக்கற ஆங்கர் பின்னோட மாத்தச் சொல்லுங்க.

டயர்: சாலிட் டயர்ல தேய்மானக் கோடு இருக்கும், அந்தக் கோடு வந்துட்டா மாத்தற நேரம். துண்டு துண்டா பேந்திருந்தா கோடு வரைக்கும் காத்திருக்க வேணாம், உயரத்துல லோட் வச்சிருக்கறப்ப ஒரு சின்னப் பள்ளம் கூட ஆட்டம் காட்டும்.

அளந்த எண்ணை, தேதியோட, ஃபைல்ல எழுதுங்க. மூணு தடவை எழுதினாலே எந்த வேகத்துல தேயுதுன்னு தெரிஞ்சுடும், எப்ப காசு தேவைன்னு பாஸ்கிட்ட ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லலாம்.

6. சர்வீஸ் ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன்னாடி

சர்வீஸை மாசத்துல எண்ணாதீங்க, ஓடின மணியில எண்ணுங்க. நிறைய மேக்கர் அட்டவணை 250 மணி, 500 மணி, 1,000 மணி, 2,000 மணின்னு போகும். ஒரு நாளைக்கு நிஜமா 10 மணி நேரம் ஓடுது, மாசம் 26 நாள்னா 260 மணி, அதாவது மாசத்துக்கு ஒரு சர்வீஸ் வேணும். எங்க பழைய ஒப்பந்தத்துல "மூணு மாசத்துக்கு ஒரு விசிட்"னு இருந்துச்சு, அப்படின்னா 780 மணிக்கு ஒரு தடவை! குவட்டேஷன் சீப்பா இருக்கேன்னு யாரோ கையெழுத்து போட்டிருக்காங்க, அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பாக்கல.

எங்களுக்கு இப்ப ஒரு வண்டிக்கு ஒரு விசிட் 100 வெள்ளிய ஒட்டி ஆகுது, ஆயில், ஃபில்டர் தனி. வண்டி வகை, இடம், எத்தனை வண்டிங்கறதைப் பொறுத்து மாறும், அதனால மூணு இடத்துல குவட்டேஷன் வாங்குங்க. மூணையும் ஒரே மாதிரி ஒப்பிடணும்னா இந்தக் கேள்விகளை எழுத்துல கேளுங்க: மேக்கர் அட்டவணைப்படி செய்வீங்களா இல்ல உங்க சொந்த லிஸ்ட்டா? மெக்கானிக்குக்கு இந்த பிராண்டுல பயிற்சி இருக்கா? பிரேக்டவுன்னா எத்தனை மணி நேரத்துல வருவீங்க? ராத்திரி, ஞாயித்துக்கிழமை ரேட் என்ன? டிரான்ஸ்போர்ட் சார்ஜ் தனியா?

"ஃபுல் மெயின்டனன்ஸ்"ங்கற வார்த்தைய நம்பி ஏமாறாதீங்க. கீழ சின்ன எழுத்துல டயர், பேட்டரி, ஃபோர்க், சீட், கண்ணாடி, "தவறான பயன்பாட்டால் வந்த சேதம்" எல்லாம் சேராதுன்னு இருக்கும், தவறான பயன்பாடான்னு முடிவு பண்றதும் அவங்களே. எது சேராதுங்கறதை மட்டும் தனியா ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கங்க.

வாடகை வண்டின்னா இன்னொரு குழப்பம். "அது அவங்க வண்டி, அவங்க பாத்துப்பாங்க"ம்பாங்க. வாடகைக்கு விடறவருக்குக் கடமை இருக்கு, சரி, ஆனா உங்க இடத்துல உங்க ஆள் ஓட்டுறப்ப உங்க கடமையும் கூடவே இருக்கு, ஒண்ணு இன்னொண்ணை அழிக்காது. வண்டி வந்து இறங்கற அன்னைக்கே நாலு பக்கமும் போட்டோ, அவர் மீட்டர் எண், கடைசி சர்வீஸ் ரிப்போர்ட் காப்பி, மூணும் வாங்காம டெலிவரி ஆர்டர்ல கையெழுத்து போடாதீங்க.

சர்வீஸ் ரிப்போர்ட்ல நான் இப்ப ஒரு விதி வச்சிருக்கேன். செயின், ஃபோர்க், பிரேக் மூணுக்கும் டிக் ஏத்துக்க மாட்டேன், அளந்த எண்ணை எழுதணும். முதல் மாசம் மெக்கானிக் முகம் சுளிச்சார், இப்ப காலிப்பரைக் கையிலயே எடுத்துட்டு வர்றார். இதைக் கேக்கறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு, காசு குடுக்கறது நீங்க.

பார்ட்ஸ் ஸ்டாக் இல்லைன்னா வெளிநாட்டுல இருந்து வரணும், எனக்கு ரீச் டிரக்கோட ஒரு கன்ட்ரோல் போர்டுக்கு ஆறு வாரம் ஆச்சு. அந்த நேரத்துக்கு மாத்து வண்டி குடுப்பீங்களா, என்ன வாடகைன்னு ஒப்பந்தத்துலயே போட்டு வச்சுக்கங்க, இல்லாட்டி அந்த ஆறு வாரத்துல யாராவது டேக்கைக் கழட்டி ஓட்ட ஆரம்பிச்சுடுவாங்க.

7. பேட்டரி

லெட் ஆசிட் பேட்டரின்னா தண்ணி சார்ஜ் முடிஞ்சதுக்கப்புறம் ஊத்தணும், முன்னாடி ஊத்தினா சார்ஜ் ஏறறப்ப பொங்கி ஆசிட் வெளிய வரும். பிளேட் வெளியில தெரியற அளவுக்கு வத்தியிருந்தா மட்டும் பிளேட் மூழ்கற அளவுக்கு கொஞ்சம் ஊத்திட்டு சார்ஜ் போடுங்க. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான், குழாத்தண்ணி கூடாது. இருபது சதவீதம் மிச்சம் இருக்கறப்ப சார்ஜ்ல போட்டுடணும், சாப்பாட்டு நேரத்துல அரை மணி, டீ நேரத்துல கால் மணின்னு துண்டு துண்டா போட்டா சாதாரண லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் செத்துடும். எங்களுக்கு வந்த புது பேட்டரி குவட்டேஷன் 6,000 வெள்ளிக்கு மேல, அதைப் பாத்ததுக்கப்புறம்தான் தண்ணி ஊத்தறதுக்கு ஒரு ஆளையே பேர் சொல்லிப் போட்டேன், திங்கக்கிழமை காலையில அவர் வேலை அதுதான்.

சார்ஜ் ஏறறப்ப ஹைட்ரஜன் வரும், காத்துல நாலு சதவீதம் ஆனாலே தீப்பொறி பட்டா வெடிக்கும். அதனால சார்ஜிங் இடத்துல காத்தோட்டம், சிகரெட் கூடாது, கிரைண்டர் வேலை கூடாது, கண் கழுவற வசதி, ஆசிட் தாங்கற கிளவுஸ், முகத்தை மறைக்கற ஷீல்டு எல்லாம் கண்டிப்பா வேணும்.

லித்தியத்துக்கு மாறலாம்னு யாராவது சொன்னா ஒரே ஒரு கேள்வி முதல்ல கேளுங்க, எடை என்னன்னு. பேட்டரி வண்டியில பேட்டரியோட எடையும் சேந்துதான் பின்னாடி பிடிச்சு நிறுத்துது, தகட்டுல குறைஞ்சபட்ச பேட்டரி எடை போட்டிருக்கும், அதுக்குக் கீழ போனா வண்டி முன்னாடி கவிழும்.

8. மெக்கானிக் உங்க இடத்துல வேலை செய்யற அன்னைக்கு

வெளி ஆள் வந்தாலும் இடம் உங்களோடது. அவங்க ரிஸ்க் அசெஸ்மென்ட் வாங்குங்க, வண்டிய ஓரமா தனி இடத்துல கோன் வச்சு நிறுத்துங்க, சாவிய மெக்கானிக் பாக்கெட்ல போட்டுக்கட்டும், பேட்டரி கனெக்டரைக் கழட்டி லாக் போட்டு டேக் தொங்கவிடட்டும். ஏத்தின மாஸ்ட்டுக்குக் கீழ வேலை செய்யணும்னா முட்டுக் குடுத்திருக்கணும், ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி யாரும் உள்ள தலைய விடக்கூடாது. உயரத்துல லைட் மாத்தணும், ராக்ல பெட்டி சரிஞ்சிருக்குன்னு பேலட்ல ஆளை நிக்க வச்சுத் தூக்கறதை எங்க பாத்தாலும் நிறுத்துங்க, சீசர் லிஃப்ட் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கலாம்.

9. ஏதாவது ஆயிடுச்சுன்னா

முதல்ல ஆளைப் பாருங்க, அப்புறம் இடத்தை அப்படியே விடுங்க, வண்டிய நகத்தாதீங்க, போட்டோ எடுங்க. வேலையில அடிபட்டு டாக்டர் மெடிக்கல் லீவோ லைட் டியூட்டியோ குடுத்தா, ஒரு நாளா இருந்தாலும், மனிதவள அமைச்சுக்கு 10 நாளைக்குள்ள ஆன்லைன்ல ரிப்போர்ட் பண்ணணும், 2020 செப்டம்பர்ல இருந்து இதுதான் விதி. உயிர் போயிடுச்சுன்னா உடனடியா தெரியப்படுத்தணும். "எம்சி (மெடிக்கல் லீவு) போடாத, ரெண்டு நாள் டோர்ம்ல ரெஸ்ட் எடு, சம்பளம் குடுக்கறேன்"னு தம்பிங்ககிட்ட பேசறது பெரிய தப்பு, கம்பெனிக்கும் கேஸ், அந்தப் பையனுக்கும் வேலைக்காய இழப்பீடு கிடைக்காம போற ஆபத்து. தம்பிங்களே இதைப் படிச்சீங்கன்னா, டாக்டர்கிட்ட வேலையில அடிபட்டதுன்னு தெளிவா சொல்லுங்க.

யாருக்கும் அடி படலைன்னாலும் எழுதுங்க. எங்க செயின் சம்பவத்தை "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே"ன்னு விட்டுடலாம்னு பேச்சு வந்துச்சு. உக்காந்து எழுதினதாலதான் மத்த மூணு வண்டி செயினையும் அளந்தோம், இன்னொரு வண்டியிலயும் மூணு சதவீதத்தைத் தாண்டியிருந்துச்சு.

10. முதல் ரெண்டு மாசத்துக்கு நாள் கணக்கு

முதல் வாரம்: எல்லா வண்டியையும் போட்டோ எடுத்து ஃபைல் திறங்க, சாவி யார்கிட்ட இருக்குன்னு எண்ணுங்க, கோர்ஸ் சர்ட்டிஃபிகேட் இல்லாதவங்ககிட்ட இருந்து சாவிய வாங்கிடுங்க. ரெண்டாவது வாரம்: ஃபோர்க், செயின், டயர் அளக்கற வேலை, ஆபத்தானதை உடனே நிறுத்துங்க. மூணு, நாலு: புது செக்லிஸ்ட், டூல்பாக்ஸ் மீட்டிங்ல (வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நடத்தற சின்னப் பாதுகாப்புக் கூட்டம்) வண்டிகிட்டயே நின்னு செஞ்சு காட்டுங்க, பேப்பர் குடுத்துட்டுப் போகாதீங்க. அஞ்சாவது வாரத்துல இருந்து குவட்டேஷன் கேளுங்க, பதில் வர ஒரு வாரம், பேரம் ஒரு வாரம், பாஸ் கையெழுத்துக்கு இன்னொரு வாரம் ஆகும். ரிஸ்க் அசெஸ்மென்ட்டைக் கடைசியா எழுதுங்க, ஏன்னா அளந்து பாத்ததுக்கப்புறம்தான் உண்மையான ஆபத்து எதுன்னே தெரியும்.

இந்த ரெண்டு மாசம் சீனப் புத்தாண்டு பக்கத்துல வருதுன்னா ஒரு மாசம் முன்கூட்டியே தொடங்குங்க. அந்த வாரம் வேர்க்‌ஷாப் பாதி மூடியிருக்கும், பார்ட்ஸ் வராது, அதே நேரம் எல்லா கஸ்டமரும் லீவுக்கு முன்னாடி சரக்கை அனுப்பித் தீத்துடணும்னு நிப்பாங்க, வண்டிங்க வருஷத்துலயே அதிகமா ஓடறதும் அப்பத்தான். 250 மணி சர்வீஸை அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே புக் பண்ணி முடிச்சுடுங்க.